பைக்கில் பாட்டும் பண்பலையும்: இயர்பட், ஹெல்மெட் ஸ்பீக்கர், வண்டி ஸ்பீக்கர் – எது தகும்?

பைக்கில் போகும்போது பாட்டுக் கேட்க எதை வாங்கலாம் என்று விசாரிப்பவர்கள், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், பாஸ் எனும் கனத்த அடித்தொனி எப்படி இருக்கும், விலை என்ன என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன் தெரிய வேண்டியது வேறு. எந்த வேகத்தில், எந்தச் சாலையில், என்ன ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிறீர்கள்? பைக் ஓட்டுபவரின் காதுக்குள் பாட்டுக்கு முன்பே வந்துவிடுவது காற்று. அந்தக் காற்றை என்ன செய்யப்போகிறோம் என்பதில்தான் எல்லாக் கருவிகளும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன.

சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் இன்ஜின் சத்தம் பின்னுக்குப் போய்விடுகிறது. ஹெல்மெட்டின் கீழ் விளிம்பில், தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே சுழலும் காற்றின் இரைச்சல் மேலோங்குகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில், முகத்தை முழுவதும் மூடும் நல்ல ஹெல்மெட்டுக்குள்ளும் இது 95 முதல் 100 டெசிபல் வரை போகும். தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88இல் 4 மணி, 94இல் ஒரு மணி, 100இல் வெறும் 15 நிமிடம். சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பியவர் செங்கல்பட்டைத் தாண்டி 100ஐப் பிடித்தால், மதுராந்தகம் வருவதற்குள் அந்த 15 நிமிடமும் தீர்ந்துவிடுகிறது. இருசக்கர வாகனத்துக்கு உரிய உச்ச வரம்பான 80இலேயே போனாலும், முழு நாள் பயணத்துக்கு அந்த இரைச்சல் அதிகம்தான். பாட்டே போடாதவருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

இதன் மேல் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் பாட்டு காற்றை விஞ்ச வேண்டும். 95 டெசிபல் இரைச்சலில் பாடலின் வரிகள் புரிய, கை தானாகவே ஒலியை 100க்கு மேல் ஏற்றிவிடும். சுங்கச்சாவடியில் வண்டியை நிறுத்தும்போது, அதே பாட்டு காதைக் குத்துகிற அளவுக்குச் சத்தமாக இருப்பது தெரியும். அதுவரை அந்தச் சத்தம் நமக்குச் சத்தமாகவே தோன்றியிருக்காது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலைக்கு ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் ஸ்பீக்கரும் அதோடு காதடைப்பானும். நகருக்குள் எதுவும் வேண்டாம், மிஞ்சிப்போனால் தாழ்ந்த ஒலியில் வானொலி. காதுக்குள் செருகும் இயர்பட் பைக்குக்கு வேண்டாம். ஏன் என்பதுதான் கீழே வருவது.

இயர்பட்

சாலையில் மிகுதியாகப் பார்ப்பது இதைத்தான். ஏற்கெனவே கையில் இருக்கிறது, தனியாகச் செலவு இல்லை. ஒலித் தரத்திலும் குறை சொல்ல முடியாது. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் இயர்பட்டின் பாஸுக்குக்கூட விலை கூடிய ஹெல்மெட் ஸ்பீக்கர்கள் ஈடாக நிற்பதில்லை. ஸ்பீக்கர் செவித்துளைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் கிடைக்கும் நன்மை அது. ரப்பர் முனை செவியை அடைப்பதால் காற்றும் ஓரளவு குறைகிறது.

இரைச்சலை நீக்கும் வசதி உள்ள இயர்பட்களின் ஆதரவாளர்கள் ஒரு நியாயமான வாதத்தை வைக்கிறார்கள். ஹெல்மெட்டுக்குள் எழும் காற்றிரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. இந்தத் தொழில்நுட்பமும் தாழ்ந்த அதிர்வெண்களைத்தான் நன்றாக நீக்கும். காகிதத்தில் இரண்டும் பொருந்துகின்றன. சாலையில் அந்தப் பொருத்தம் முழுமையாகக் கிடைப்பதில்லை. இயர்பட்டின் வெளி மைக்கில் காற்று நேராக மோதினால் அதுவே ஒரு படபடப்பை உண்டாக்கும். ஹெல்மெட்டின் பஞ்சு மைக்கை மூடினால், கருவி வெளிச் சத்தத்தைச் சரியாகக் கணிக்க முடியாமல் திணறும். தொட்டு இயக்கும் இயர்பட் என்றால் தலையைத் திருப்பும்போதெல்லாம் பஞ்சு உரசி, பாட்டு நிற்கும், மாறும், யாருக்காவது அழைப்புகூடப் போகும்.

இவற்றைச் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதவை வேறு இரண்டு. ஒன்று, ஹெல்மெட்டை இழுத்து மாட்டும்போது இயர்பட் நகர்ந்து காது மடலில் அழுந்துகிறது. அரை மணியில் வலி தொடங்கும், அந்த வலியோடு கவனமும் போகும். அதைச் சரிசெய்ய ஓடும் வண்டியில் ஒரு கையை விட்டு ஹெல்மெட்டுக்குள் விரலை நுழைப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இரண்டு, விழுந்தால் காதோரத்தில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் துண்டு இருக்கும். ஹெல்மெட் தலையை அழுத்திக் காக்கும் இடத்தில் அப்படி ஒன்று இருக்கக் கூடாது.

ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்வது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை கண்டறிவது, இரண்டு காதுகளுக்கும் அது வந்துசேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள வேறுபாட்டை வைத்துத்தான். ஒரு காதை அடைத்துவிட்டால் ஹாரன் கேட்கும், ஆனால் பேருந்து வலப்பக்கம் வருகிறதா இடப்பக்கம் வருகிறதா என்பது குழம்பும். அதோடு, ஒற்றைக் காதில் கேட்பவர் இரண்டு காதுக்கும் சேர்த்து அந்த ஒன்றிலேயே ஒலியைக் கூட்டிவிடுகிறார்.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கையில் பிடிக்கும் தொலைத்தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. முதல் முறை சிக்கினால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். காதில் ஒயர் தொங்க, போன் கையிலோ ஹெல்மெட் இடுக்கிலோ இருந்தால் சாலையில் நிற்கும் காவலரிடம் வாதாடி வெல்வது கடினம். மற்ற நாடுகள் இதில் கோட்டைத் தெளிவாகக் கிழித்திருக்கின்றன. பிரான்சு 2015 ஜூலை 1 முதல், ஓட்டுபவர் காதில் எந்த இயர்போனையும் செருகக் கூடாது என்று தடுத்தது. ஹெல்மெட்டுக்குள் பொருத்திய ஸ்பீக்கருக்கு விலக்குக் கொடுத்தது. கலிபோர்னியாவின் சட்டம் இரண்டு காதுகளையும் இயர்போனால் மூடுவதைத் தடுக்கிறது. இந்த இரண்டு அணுகுமுறைகளில் பிரெஞ்சுக்காரர்களுடையதே எனக்கு அறிவார்ந்ததாகப் படுகிறது. பாட்டை அவர்கள் குற்றமாக்கவில்லை. செவியை அடைக்காதே என்றார்கள்.

ஹெல்மெட் ஸ்பீக்கர்

இண்டர்காம் என்று கடைகளில் விற்கப்படும் இந்தக் கருவியில் மூன்று பாகங்கள். ஹெல்மெட்டின் இடப்புறம் வெளியே ஒட்டும் பெட்டி, வாய்க்கு முன்னால் ஒரு மைக், காதுகளுக்கு நேராக உள்ளே இரண்டு தட்டை ஸ்பீக்கர்கள். கார்டோ, சேனா இரண்டும் உலகம் முழுவதும் தெரிந்த பெயர்கள். பெங்களூரின் புளூஆர்மர் நம் சந்தையை நினைத்தே செய்கிறது. விலை சில ஆயிரத்தில் தொடங்கி முப்பதாயிரத்தைத் தாண்டியும் போகிறது. இந்தப் பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பாட்டு அல்ல. பல வண்டிகள் ஒன்றாகப் போகும்போது எத்தனை பேர் பேசிக்கொள்ள முடியும், எவ்வளவு தூரம் விலகலாம், தொடர்பு அறுந்தால் தானாக மீளுமா என்பவற்றுக்குத்தான் அந்தப் பணம். தனியாகவோ பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டோ போகிறவருக்கு இதில் பாதி வசதி பயன்படாது. பாட்டுக்காக மட்டும் வாங்குபவர் நடுத்தர விலையில் நிறுத்திக்கொள்ளலாம்.

இதன் ஒலித் தரத்தைப் பற்றி வரும் குறைகளில் பெரும்பகுதி கருவியின் குறையே அல்ல, பொருத்திய விதத்தின் குறை. ஸ்பீக்கர் செவித்துளைக்கு நேராக இருக்க வேண்டும். விரலளவு விலகினாலே பாஸ் மறைந்துவிடும், பாடகரின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பல ஹெல்மெட்டுகளில் ஸ்பீக்கருக்கென்று விட்டிருக்கும் குழி, உங்கள் காது இருக்கும் இடத்தில் இருப்பதில்லை. சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பாட்டை ஓடவிட்டு ஹெல்மெட்டை அணிந்து, இரு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் இலேசாக அழுத்துங்கள். பாஸ் சட்டென்று கூடினால் ஸ்பீக்கர் காதைவிட்டுத் தள்ளியிருக்கிறது என்று பொருள். பெட்டியோடு வரும் பஞ்சு வில்லையைப் பின்னால் வைத்து முன்னால் கொண்டுவர வேண்டும். குழி தப்பான இடத்தில் இருந்தால், ஒட்டுநாடாவால் துணிக்குமேல் ஸ்பீக்கரை நகர்த்திக்கொள்ளலாம்.

செய்யவே கூடாத ஒன்று: குழியை ஆழமாக்கத் தெர்மாகோலைச் சுரண்டுவது. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் அந்த வெள்ளை அடுக்குத்தான் மோதும்போது நசுங்கி, தலைக்குப் போகும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. சில மில்லிமீட்டர் சுரண்டினாலும் அந்த இடத்தில் தலைக்குக் காவல் குறைகிறது. பொருத்தித் தருகிறேன் என்று கத்தியை எடுக்கும் கடைக்காரரிடமிருந்து ஹெல்மெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இடமே இல்லாத ஹெல்மெட் என்றால், இடமுள்ள ஹெல்மெட்டை வாங்குவதுதான் வழி. ஐரோப்பாவின் புதிய தர விதியான ஈசிஇ 22.06, ஹெல்மெட்டோடு சேர்த்து விற்கும் துணைக்கருவிகளையும் சோதனைக்குள் கொண்டுவந்ததற்கு இதெல்லாம்தான் காரணம்.

இனி காதடைப்பான். இதைச் சொன்னாலே பலர் நெற்றியைச் சுருக்குகிறார்கள்: காதை அடைத்துக்கொண்டு பாட்டு எப்படிக் கேட்கும்? மருந்துக்கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பஞ்சு அடைப்பான், சரியாகச் செருகினால் 20 டெசிபலுக்கு மேல் குறைக்கும். அது காற்றையும் பாட்டையும் சேர்த்தே குறைக்கிறது. காற்று 98இலிருந்து 78க்கு இறங்குகிறது, ஸ்பீக்கரின் பாட்டு 103இலிருந்து 83க்கு இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள 5 டெசிபல் இடைவெளி அப்படியே நிற்கிறது. அதாவது பாட்டு முன்பு எவ்வளவு தெளிவாகக் கேட்டதோ அவ்வளவு தெளிவாகவே கேட்கும், ஆனால் செவிக்குள் போகும் மொத்தச் சத்தம் பாதுகாப்பான அளவுக்கு வந்துவிடும். இயர்பட்டால் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அது அடைப்பானுக்கு உள்பக்கம் உட்கார்ந்து நேராகச் செவிப்பறைக்குப் பாடுகிறது. ஹெல்மெட் ஸ்பீக்கர் அடைப்பானுக்கு வெளியே இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான், விளம்பரங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

ஹாரன் கேட்குமா? அதே கணக்கு ஹாரனுக்கும் பொருந்தும். வேகத்தில் ஹாரனை மறைப்பது காற்றிரைச்சல். அடைப்பான் இரண்டையும் சமமாகத் தணிப்பதால் ஹாரன் மேலும் மறைந்துவிடுவதில்லை. இரைச்சலில் செவி திகைத்துப்போவது குறைவதால் பலருக்கு முன்பைவிடத் தெளிவாகவே கேட்கிறது. ஆனால் 30 கிலோமீட்டர் வேகத்தில், காற்றே இல்லாத நகரச் சாலையில், இந்த வாதம் செல்லாது. அங்கே மறைக்க இரைச்சல் இல்லை, அடைப்பான் ஹாரனை மட்டுமே தணிக்கும். ஊருக்குள் நுழையும்போது கழற்றிவிட வேண்டும்.

பஞ்சு அடைப்பானில் ஒரு குறை உண்டு. உயர்ந்த அதிர்வெண்களை அது கூடுதலாக விழுங்குவதால் பாட்டில் கஞ்சிராவின் சலங்கை ஒலியும் வீணையின் மீட்டொலியும் மங்கும். பைக் ஓட்டுபவர்களுக்கென்றே வரும் வடிகட்டி வைத்த ரப்பர் அடைப்பான்கள் இதைச் சமன் செய்கின்றன, விலைதான் கூடுதல். போனின் ஈக்வலைசரில் மேல் சுரங்களைச் சற்று உயர்த்தினாலும் ஓரளவு சரியாகும்.

சில கருவிகளில் வேகம் கூடக்கூட ஒலி தானாகவே கூடும் வசதி இருக்கிறது. வாங்கியதும் அதை அணைத்துவிடுங்கள் என்பேன். கையால் கூட்டும்போதாவது கூட்டுகிறோம் என்று தெரியும், தானாகக் கூடுவது தெரியவே தெரியாது. பொத்தான்களையும் கடையிலேயே கையுறை போட்டுக்கொண்டு அழுத்திப் பாருங்கள். பெரிய சுழல் பொத்தான் உள்ளவை தேடாமலே கைக்குக் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஓட்டுபவர்கள் நீர்காப்புக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். ஐபி67 என்றிருந்தால் அடைமழைக்கும் கவலையில்லை.

இவ்வளவும் முழுமுக ஹெல்மெட்டுக்கு. தாடை திறந்த ஹெல்மெட்டில் காற்று நேராகக் காதோரம் சுழலும். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரும் 60ஐத் தாண்டினால் தோற்றுவிடும். அரை ஹெல்மெட் வைத்திருப்பவர் இண்டர்காமுக்குச் செலவழிப்பதற்கு முன் ஹெல்மெட்டை மாற்றட்டும். பாட்டுக்காக மட்டுமல்ல, தாடைக்காகவும்தான்.

எலும்பு வழிக் கருவி

செவித்துளையைத் திறந்துவிட்டு, கன்ன எலும்பின் அதிர்வு வழியாக ஒலியைச் செலுத்தும் கருவி. நடைப்பயிற்சிக்கு அருமையானது. பைக்கில் அதன் பின்கழுத்து வளையம் ஹெல்மெட்டோடு இடிக்கும், பஞ்சு அதை இடம் பெயர்க்கும், காற்றிரைச்சலை எதிர்க்க அதனிடம் எதுவும் இல்லை. நகருக்குள் 40 கிலோமீட்டருக்குள் ஓட்டும் மின் ஸ்கூட்டர்காரருக்கு ஓரளவு ஒத்துவரும்.

வண்டியில் பொருத்தும் ஸ்பீக்கர்

தொடக்கத்தில் இது பெரிய வண்டிகளின் பெருமை. ஹோண்டா கோல்டு விங், ஹார்லி டேவிட்சனின் நெடும்பயண வண்டிகள் ஆகியவற்றில் முன்முகப்புக்குள் ஸ்பீக்கர்கள் தொழிற்சாலையிலேயே வருகின்றன. அகன்ற முகப்பும் உயர்ந்த கண்ணாடியும் காற்றை மேலே தூக்கிவிடுவதால், ஓட்டுபவர் ஓரளவு அமைதியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே ஸ்பீக்கர் வேலை செய்வதன் மர்மம் இவ்வளவுதான். அதே ஸ்பீக்கரை முகப்பில்லாத 150 சிசி வண்டியின் ஹேண்டில்பாரில் கட்டினால், 70இல் போகும்போது ஓட்டுபவருக்குக் கேட்காது, சாலையோரம் நிற்பவர்களுக்கு நன்றாகக் கேட்கும். ஓலா எஸ்1 புரோ போன்ற மின் ஸ்கூட்டர்களில் ஸ்பீக்கர் வண்டியோடே வருகிறது. இன்ஜின் சத்தம் இல்லாததால் நகர வேகத்தில் அது கேட்கத்தான் செய்கிறது.

செவிக்கு இது நல்லது. எதுவும் காதை அடைக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் பாட்டை ஊரும் கேட்க வேண்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி வளையமாக வைக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பிடுகின்றன. ராயப்பேட்டை அரசு மருத்துவமனை வாசலில் சிக்னலுக்காக நிற்கும் வண்டியிலிருந்து வரும் பாட்டு யாருக்கும் மகிழ்ச்சி தருவதில்லை. இந்தத் தேர்வை நான் முழுமனதாக எதிர்க்கிறேன்.

போனை ஹேண்டில்பாரில் மாட்டி அதன் ஸ்பீக்கரிலேயே கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆற்றல் மிகுந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நிலைப்படுத்தும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் அறிவித்தது. அதிர்வைத் தாங்கும் பிடிப்பான் இல்லாமல் மாட்டாதீர்கள்.

வானொலியா, சேமித்த பாட்டா?

கருவியைத் தேர்ந்தெடுத்த பிறகு அதில் எதைக் கேட்பது என்பது தனித் தேர்வு. இதில் என் சாய்வு வானொலிப் பக்கம்.

முதல் காரணம் கை. பாட்டுப் பட்டியலில் பிடிக்காத பாட்டு வந்தால் விரல் பொத்தானைத் தேடும், அடுத்ததும் பிடிக்காவிட்டால் மறுபடி தேடும். வானொலியில் வருவதை ஏற்றுக்கொள்கிறோம். அடுத்து என்ன வரும் என்று தெரியாததால் மனம் இலேசாக விழித்திருக்கிறது. பிற்பகல் மூன்று மணி வெயிலில், வளைவே இல்லாத நான்குவழிச் சாலையில், கண் சொக்கும் வேளையில் மனிதக் குரல் செய்யும் உதவியைப் பழகிய பாடல்கள் செய்வதில்லை.

இரண்டாவது காரணம், பண்பலைக்கு இணையம் வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களைப் புரட்டிப்போட்டபோது மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் சேர்ந்தே போயின. அப்படிப்பட்ட நேரத்தில் செய்தி வந்துசேரும் வழி வானொலிதான். போன்களில் பண்பலை வசதியை முடக்காமல் தாருங்கள் என்று மத்திய அரசு 2023இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியதும் பேரிடரை மனத்தில் வைத்தே.

இங்கே ஒரு நுட்பச் சிக்கல் இருக்கிறது. 100 மெகாஹெர்ட்சில் அலையின் நீளம் 3 மீட்டர். நல்ல ஆண்டெனாவுக்கு அதில் கால்பங்கு, 75 சென்டிமீட்டர் வேண்டும். ஒயர் உள்ள இயர்போனில் அந்த ஒயரே ஆண்டெனா. அதனால்தான் போனில் பண்பலையைத் திறந்தால் இயர்போனைச் செருகு என்கிறது. ப்ளூடூத் இயர்பட்டோடு அது வேலை செய்யாததும் அதனால்தான். இண்டர்காமுக்குள்ளேயே பண்பலை இருந்தால் போன் தேவையில்லை, ஆனால் ஹெல்மெட்டில் அவ்வளவு நீள ஆண்டெனாவுக்கு இடமில்லை. காரில் தெளிவாக வரும் நிலையம் ஹெல்மெட்டில் கரகரக்கும். வாங்கும்போது கருவியின் நாட்டு அமைப்பையும் பாருங்கள். ஜப்பான் அமைப்பில் இருந்தால் அலைவரிசை 76இல் தொடங்கி 95க்குள் முடிந்துவிடும், சென்னை நிலையங்களான 98.3ஐயும் 101.4ஐயும் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

ஊர் ஊராகப் பார்த்தால், சென்னையில் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை: சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஆகாசவாணியின் ரெயின்போ 101.4, ஹலோ 106.4. தெற்கே போகப்போக ஒவ்வொன்றாகக் கரகரத்து விலகும். விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே நீண்ட வெற்றிடங்கள் உண்டு. திருச்சியை நெருங்கினால் ரெயின்போ 102.1 தெளியும். அங்கிருந்து திண்டுக்கல், மதுரை, தேனி என்று போகும் சாலைகளில் ஆட்சி செய்வது கோடைப் பண்பலை, 100.5. பண்பலை அலைகள் நேர்க்கோட்டில் போகின்றன, பூமியின் வளைவைத் தாண்டுவதில்லை. அதனால் ஆண்டெனா எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தூரம் கேட்கும். 2,000 மீட்டர் உயரக் கொடைக்கானலில் நின்றுகொண்டு ஒலிபரப்புவதால், சமவெளி நிலையங்கள் கைவிடும் தூரத்திலும் கோடை கூடவே வருகிறது. மாவட்டம் மாறினாலும் நிலையத்தை மாற்ற வேண்டாம் என்பது பைக் ஓட்டுபவருக்குப் பெரிய வசதி. பழைய பாடல்களும் நேயர் கடிதங்களும் வேளாண் செய்திகளும் கலந்து வரும் அந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டு, வத்தலக்குண்டிலிருந்து தேனிக்குப் போகும் பாதையில் மலையை வலப்பக்கம் வைத்து ஓட்டுவது, தமிழ்நாட்டில் பைக்கில் கிடைக்கக்கூடிய சிறந்த இன்பங்களுள் ஒன்று. மலைக்கு மறுபக்கத்துப் பள்ளத்தாக்குகளில் நிழல் விழுந்து அறுந்துபோவதும் உண்டு, அதுவும் அதே நேர்க்கோட்டு விதியால்தான்.

வானொலிக்குப் பாதகமாகவும் சொல்ல வேண்டும். தனியார் பண்பலைகளில் விளம்பரம் மிகுதி. விளம்பரத்தின் சத்தம் பாட்டின் சத்தத்தைவிடக் கூடுதலாகத் தோன்றும், ஹெல்மெட்டுக்குள் அது இன்னும் எரிச்சலூட்டும். செய்தி வேண்டுமென்றாலும் ஆகாசவாணிக்குத்தான் போக வேண்டும். தனியார் நிலையங்கள் தாங்களாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. கரகரக்கும் நிலையத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் செவியைச் சோர்வாக்கும். வெற்றிடங்களுக்குப் போனில் இறக்கி வைத்த பாடல்கள் வேண்டும். இணையம் வழிக் கேட்கும் செயலிகளை நெடும்பயணத்தில் நம்ப வேண்டாம். மலைப்பாதையில் சிக்னல் வந்து போகும்போதெல்லாம் பாட்டு நின்று நின்று ஓடும், அந்த இடைவெளிகள் மௌனத்தைவிடக் கவனத்தைக் கெடுப்பவை.

கிரிக்கெட் வருணனையைப் பற்றி ஒரு சொல். கடைசி ஓவரின்போது வண்டியை ஓரம்கட்டிவிடுங்கள். பாட்டு பின்னணியில் ஓடலாம், வருணனை மனத்தை முழுதாக மைதானத்துக்குக் கூட்டிப்போய்விடும்.

அணைக்க வேண்டிய இடங்கள்

எந்தக் கருவி வைத்திருந்தாலும் மலையேறும்போது அணைத்துவிட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைச் சாலையில் 40, கல்லட்டிப் பாதையில் 36. இந்த வளைவுகளில் எதிரே வருவதைக் கண் பார்ப்பதற்கு முன் காது கேட்கிறது. மேலிருந்து இறங்கும் பேருந்து வளைவுக்கு முன்பே ஹாரன் அடிக்கும். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. அவர் வழிவிட, நீங்கள் ஏறுகிறீர்கள் என்பது அவருக்கும் அவர் இறங்குகிறார் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும். அந்தப் பேச்சு ஹாரனில்தான் நடக்கிறது. வேகமும் குறைவு, காற்றும் குறைவு. காதடைப்பானையும் அடிவாரத்திலேயே கழற்றிவிடலாம்.

நகர நெரிசல், கனமழை, பழக்கமில்லாத ஊருக்குள் இரவில் நுழைவது ஆகிய வேளைகளிலும் அப்படியே. வண்டியிலிருந்து புதிதாக ஏதாவது சத்தம் வருகிறது என்று தோன்றினாலும் பாட்டை நிறுத்திக் கேளுங்கள். தளர்ந்த சங்கிலியும் தேய்ந்த பேரிங்கும் முதலில் ஒலியாகத்தான் சொல்லும்.

யாருக்கு எது

மாதம் ஓரிரு முறை வெளியூர் போகிறவர், முழுமுக ஹெல்மெட், நடுத்தர விலை இண்டர்காம், வடிகட்டி வைத்த அடைப்பான் என்று வாங்கினால் பல ஆண்டுகள் நிம்மதி. இவ்வளவு செலவு முடியாதென்றால் முதலில் அடைப்பானை மட்டும் வாங்குங்கள். பாட்டே இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நெடும்பயணம் போய்ப் பாருங்கள். மாலையில் இறங்கும்போது காதுக்குள் அந்த ரீங்காரமும் தலைக்குள் அந்தக் களைப்பும் இல்லாததை உணர்வீர்கள். வேலைக்குப் போய்வர 10 கிலோமீட்டர் நகரச் சாலையில் ஓட்டுபவருக்கு எந்தக் கருவியும் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

எனக்கு மிகுந்த கவலை தருபவர்கள் உணவும் பொருளும் கொண்டுசேர்க்கும் இளைஞர்கள். நாள் முழுக்க இரண்டு காதிலும் இயர்பட். வழி சொல்லும் குரலும் வாடிக்கையாளர் அழைப்பும் அவர்கள் பிழைப்புக்கு வேண்டும், அதோடு சேர்ந்து பாட்டும் ஓடுகிறது. காதை அடைக்காதே என்று மட்டும் சொல்வது அவர்களுக்குப் பயன்படாது. விலை குறைந்த ஹெல்மெட் கருவியில் ஒரு ஸ்பீக்கரை மட்டும், இடக் காதுப் பக்கம் பொருத்திக்கொள்ளலாம். செவித்துளையை அது அடைப்பதில்லை, எனவே இரண்டு காதும் சாலைக்குத் திறந்திருக்கும். இடப்பக்கம் என்பதற்குக் காரணம் உண்டு. நாம் சாலையின் இடப்புறம் ஓட்டுகிறோம், முந்தும் வண்டிகள் வலப்புறமாக வருகின்றன. அந்தப் பக்கக் காதில் எந்தக் குரலும் குறுக்கிட வேண்டாம். போனின் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் மோனோ ஒலி என்றொரு தெரிவு இருக்கும். அதை இயக்கிவிட்டால் இரண்டு பக்க ஒலியும் அந்த ஒரே ஸ்பீக்கரில் சேர்ந்து வரும், வழிகாட்டும் குரலில் ஒரு சொல்லும் விட்டுப்போகாது.